எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: கடும் வலி மாத்திரைகளைக் குறைத்துக்கொள்வது எப்படி?

வலிக்குமா என்று கேட்டால், வலிக்கும். முதல் மூன்று நாள் நன்றாகவே வலிக்கும். ஆனால் அந்த வலிக்கு மார்ஃபினையும் டிரமடோலையும் விட்டால் வேறு கதியில்லை என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணையாக வார்டில் உட்காரப் போகிற மனைவி, மகன், அக்கா, தங்கைக்காகவும் இதை எழுதுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் மருந்தகம் நடத்துகிறேன். கத்தி பிடிப்பவர் அறுவை மருத்துவர். மயக்கம் கொடுப்பவர் மயக்கவியல் நிபுணர். அவர்கள் எழுதித் தரும் சீட்டு தோட்டத்து வீட்டுக்குள் நுழைந்த பிறகு என்னவாகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன். அந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

மார்ஃபின், டிரமடோல் போன்ற, ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகளைக் குறைப்பது என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொள்வது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வலிக்குப் பயந்து அசையாமல் கிடப்பவருக்கு நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். பாராசிட்டமோல் போன்ற எளிய மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது, வெட்டிய இடத்தை ஊசியால் மரத்துப்போகச் செய்வது, சீக்கிரம் எழுந்து நடக்க வைப்பது, வாந்தியை முன்கூட்டியே தடுப்பது என்று வலியை நாலாபுறமும் மடக்கினால் கடும் மருந்துக்கு வேலை தானாகக் குறைந்துவிடும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலெட் என்ற அறுவை மருத்துவர் 1990-களில் இந்தக் கருத்தை வலியுறுத்தத் தொடங்கினார். இன்று எடைக் குறைப்பு அறுவைக்கென்றே தனி வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. 2016-ல் முதலில் வந்தவை பின்னர் புதுப்பிக்கப்பட்டன. பல மருந்துகளைச் சிறு அளவில் இணைத்து, ஓபியாய்டைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

எதற்காகக் குறைக்க வேண்டும்?

2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம் முன்வரிசையில் நிற்கிறோம். விடியற்காலையில் பால்மரக் காட்டில் நிரை நிரையாக நடந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று லாரி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள் அல்லது உட்கார்கிறார்கள். சாப்பாடு மட்டும் மாறவில்லை. இனிப்பு நீர் என்கிற நீரிழிவும் இரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் சேர்ந்து வந்த பிறகு அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பருத்த உடலுக்கு ஓபியாய்டு கூடுதல் ஆபத்து. காரணம் மூச்சு. உடற்பருமன் உள்ளவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கிறது. இரவில் பெரும் குறட்டை, திடீரென ஒரு நிசப்தம், பிறகு மூச்சுத் திணறி விழிப்பது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது ஆகியவை அதன் அடையாளங்கள். மார்ஃபின் வகை மருந்து மூச்சை மந்தப்படுத்தும். தூங்கும்போது ஏற்கெனவே மூடிக்கொள்ளும் தொண்டையும் மந்தமான மூச்சும் ஒன்று சேர்ந்தால் உயிருக்கே தீங்காகலாம்.

அடுத்தது வாந்தி. புதிதாகத் தைத்த இரைப்பையோடு ஓங்கரிப்பது எவ்வளவு கொடுமை என்பது பட்டவருக்குத்தான் தெரியும். தண்ணீர்கூட உள்ளே நிற்காவிட்டால் உடல் வறண்டு மறுபடி வார்டுக்கே திரும்ப வேண்டியதுதான். மலச்சிக்கலைச் சொல்லவே வேண்டாம்.

பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அறுவைக்கு முன்பே நெடுநாள் ஓபியாய்டு உட்கொண்டு வந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. எடை குறைந்தால் முட்டி வலி, முதுகு வலி போய்விடும், மாத்திரையும் நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அறுவைக்குப் பிந்தைய ஆண்டிலும் அவர்களில் 77 விழுக்காட்டினர் மாத்திரையை விடவில்லை. அமெரிக்காவில் இம்மாத்திரை புழங்கும் அளவு வேறு, நம் நாட்டில் வேறு. இருந்தாலும் அந்த எண்ணை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. உடல் ஒரு மருந்துக்குப் பழகிவிட்டால், பழக்கிய காரணம் போன பிறகும் அது கேட்டுக்கொண்டேயிருக்கும்.

அறுவைக்கு முன்: ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை

மயக்கவியல் கிளினிக்குக்கு ஒரு நாள் வரச் சொல்வார்கள். அந்தச் சந்திப்பை வெறும் கையெழுத்து வேலையாக நினைத்து, "எல்லாம் நல்லாயிருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு. உங்கள் வலித் திட்டம் தீர்மானமாவதே அங்குதான்.

வீட்டிலிருந்து புறப்படும் முன், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி வாங்கிய மருந்து, தனியார் கிளினிக் மருந்து, சந்தையில் வாங்கிய மூலிகை மாத்திரை, எதையும் விட வேண்டாம். பெயர் ஞாபகமில்லை என்று சொல்வதைவிடப் பையைக் கவிழ்த்துக் காட்டுவது மேல்.

சொல்லத் தயங்கும் விஷயங்கள் சில இருக்கின்றன. முதலாவது கெத்தும். வடக்கே கெடா, பெர்லிஸ் பக்கமும் நம் பேராக்கிலும், உடல் அலுப்புக்கும் வலிக்கும் கெத்தும் இலையைக் காய்ச்சிக் குடிக்கிற ஆண்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள மித்ராகைனின் என்ற வேதிப்பொருள் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது என்பதால் வாயைத் திறக்கப் பயப்படுகிறார்கள். மித்ராகைனின் மூளையில் மார்ஃபின் வேலை செய்யும் அதே இடங்களில் வேலை செய்கிறது. தினமும் குடித்து வந்தவருக்கு வார்டில் திடீரென அது நின்றால் உடல் நடுங்கும், வியர்க்கும், மூட்டெல்லாம் வலிக்கும். காரணம் தெரியாத மருத்துவர் அதை அறுவை வலி என்று எண்ணி மருந்தைக் கூட்டக்கூடும். மயக்கவியல் நிபுணரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், மனைவியை வெளியே இருக்கச் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிடுங்கள். உங்கள் உயிரைக் காக்கத்தான் அவர் கேட்கிறார்.

அரசின் மெத்தடோன் திட்டத்தில் இருப்பவர்களும் அப்படியே. அபின் வகைப் போதைப் பழக்கத்திலிருந்து மீள 2005 முதல் நம் நாட்டில் நடக்கும் திட்டம் அது. அதில் சேர்ந்து தேறி வந்தவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை. அறுவைக்காக மெத்தடோனை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் அளவைக் கிளினிக்கில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

தூக்க மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை, வலிப்பு நோய் மருந்து எதுவானாலும் சொல்லுங்கள். டிரமடோல் சில மன அழுத்த மருந்துகளோடு சேர்ந்தால் தீங்கு செய்யும்; வலிப்பு வரும் தன்மை உள்ளவருக்கு அது ஆகாது. மதுவைப் பற்றிக் கேட்டால் 'எப்போதாவது' என்று மழுப்பாமல், வாரத்துக்கு எத்தனை போத்தல் என்று சொல்லுங்கள். பைபாஸ் என்ற வகை எடைக் குறைப்பு அறுவை செய்த வயிற்றில் மது முன்பைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும். அதோடு ஓபியாய்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

குறட்டையை நோயாளி அறிய மாட்டார். பக்கத்தில் படுப்பவர்தான் அறிவார். ஆகவே கணவனோ மனைவியோ கூடப் போவது நல்லது. மூச்சுத் தடை உறுதியானால் முகமூடி பொருத்திக் காற்றை அழுத்தித் தரும் இயந்திரம் ஒன்றைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அதை வீட்டிலேயே சில வாரம் பழகிக்கொண்டு, அறுவை நாளன்று மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லுங்கள். அலமாரி மேல் விட்டுவிட்டுப் போவதற்கு அது இல்லை.

கடைசியாக மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு நீங்கள் கேளுங்கள். எனக்கு எந்தெந்த முறையில் வலியைக் குறைக்கப் போகிறீர்கள்? வீட்டுக்கு என்ன மாத்திரை, எத்தனை நாளைக்குத் தருவீர்கள்? இரவில் வலி கூடினால் யாரை அழைப்பது? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் நினைக்கிறார்கள். நல்ல மருத்துவர் இதை வரவேற்கிறார்.

புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். இருமல் குறைந்தால் தையலில் வலியும் குறையும்.

மருத்துவமனையில்

இப்போது பெரும்பாலும் வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, கேமரா வழியாகப் பார்த்தே செய்கிறார்கள். ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டுக் குழாய்போல் ஒரு பகுதியை மட்டும் விடுவார்கள். பைபாஸ் என்பதில் மேலே சிறு பை ஒன்றைச் செய்து அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். மருந்து வாங்கும்போது வெறுமனே பைபாஸ் என்று சொன்னால் பலரும் இதய பைபாஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வயிற்று பைபாஸ் என்றே சொல்லிப் பழகுங்கள்.

நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போதே வேலை தொடங்கிவிடும். துளையிடும் இடங்களில் பியூபிவகேயின் போன்ற மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்துவார்கள். சிலருக்கு வயிற்றுச் சுவரின் நரம்புகளையே ஸ்கேன் உதவியோடு மரக்கச் செய்வார்கள். பாராசிட்டமோலை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் போன்றவை கொடுக்கப்படும். சில இடங்களில் சிறு அளவு கெட்டமின் அல்லது லிக்னோகேயின் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது உங்கள் இதயம், சிறுநீரகம், கல்லீரலைப் பார்த்து அவர்கள் எடுக்கும் முடிவு. ஒரு துளிகூட ஓபியாய்டு இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் வலி மிஞ்சினால், கண்காணிப்பில் கொடுக்கப்படும் சிறு அளவு மார்ஃபின் நல்ல மருந்துதான்.

கண் விழித்ததும் எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். துளையிட்ட இடங்களில் சுருக்கென்று ஒரு வலி இருக்கும். மேல்வயிற்றில் பிசைவதுபோல் இன்னொன்று. இவை எதிர்பார்த்தவை. எதிர்பாராதது தோள்பட்டை வலி. வயிற்றை உப்பச் செய்ய ஏற்றிய கரியமில வாயுவும் அறுவையும் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பு கழுத்துப் பக்கத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரியும். தோளில் வலி என்றதும் மாரடைப்போ என்று குடும்பமே கலங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் அது தானாகத் தணியும். எழுந்து நடப்பதும், தோளில் மட்டும் வெதுவெதுப்பான ஒத்தடம் வைப்பதும் இதமளிக்கும். இந்தத் தோள் வலிக்கு ஓபியாய்டு அவ்வளவாகக் கேட்காது என்பதால் அதற்காக மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை.

சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் 2008 முதல் வலியையும் இரத்த அழுத்தம், நாடி, மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றோடு ஐந்தாவதாகச் சேர்த்து அளக்கிறார்கள். மிஸ்ஸி, அதாவது தாதி, வந்து பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் கேட்பார். நம் அம்மாக்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். நெற்றி வியர்த்திருக்கும், கை போர்வையைப் பிசைந்துகொண்டிருக்கும், வாய் மட்டும் "பரவாயில்லை" என்று சொல்லும். அடுத்த மூன்று மணி நேரம் கழித்துத் தாங்க முடியாமல் அழுவார்கள். அப்போது கடும் மருந்து தேவைப்பட்டுவிடுகிறது. வலி முற்றிய பின் அடக்குவதற்கு வேண்டிய மருந்தைவிட, முளைக்கும்போதே அடக்குவதற்கு வேண்டியது குறைவு. அதனால் உள்ளதைச் சொல்லுங்கள். எண் சொல்லத் தெரியாவிட்டால் செயலால் சொல்லுங்கள்: இரும முடிகிறதா, ஆழமாக மூச்சிழுக்க முடிகிறதா, கழிவறை வரை நடக்க முடிகிறதா என்று. மலாய் தடுமாறும் பெரியவர்களுக்குத் துணையிருப்பவர்கள் இதை எடுத்துச் சொல்லலாம். ஆனால் அவர்களுக்குப் பதிலாக எண்ணை நீங்கள் ஊகிக்கக் கூடாது.

அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே எழுந்து நிற்கச் சொல்வார்கள். கொடுமையாகத் தோன்றும். செய்யுங்கள். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழுந்தால் வயிற்றுத் தசை இழுபடாது. இருமும்போதும் தும்மும்போதும் ஒரு சிறு தலையணையை வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொள்ளுங்கள். இந்தத் தலையணை ஒன்றுக்காகவே எனக்கு நன்றி சொன்னவர்கள் இருக்கிறார்கள். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்தால், ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சில முறை உறிஞ்சுங்கள். தண்ணீரை மடக்கென்று குடிக்காமல் சிறு சிறு மிடறாக விழுங்குங்கள்; மேல்வயிற்று வலியில் பாதி அவசரமாகக் குடிப்பதால் வருவது.

வீடு திரும்பும் பயணம்

கோலாலம்பூரில் அறுவை செய்துகொண்டால் சுங்கை சிப்புட்டுக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி இறங்கி நடங்கள்; தாப்பா ஓய்வுத்தளம் அதற்கு ஏற்ற இடம். இருக்கைப் பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே அந்தத் தலையணையை வையுங்கள். புறப்படும் முன் பாராசிட்டமோல் வேளை தவறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஓபியாய்டு உட்கொள்ளும்வரை நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது, மோட்டார் சைக்கிளும் சேர்த்துத்தான்.

வீட்டில்: பனடோலும் மைலோ டின்னும்

வீட்டுக்கு வந்த பின் முதுகெலும்பாக நிற்பது பாராசிட்டமோல்தான், நாம் பொதுவாகப் பனடோல் என்கிறோமே அது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. 24 மணி நேரத்தில் 8 மாத்திரை, அதாவது 4 கிராம், தாண்டக் கூடாத எல்லை. கல்லீரலில் கொழுப்பு முற்றியவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் மருத்துவர் குறைத்துக் கொடுக்கலாம். உங்கள் சீட்டில் உள்ள அளவே உங்களுக்கு அளவு.

பனடோலா, அது தலைவலிக்குத்தானே என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் அதை வலித்தபோது மட்டும் விழுங்கியவர்கள். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் முதல் சில நாள் மணி பார்த்துச் சாப்பிட்டால்தான் அதன் பலம் தெரியும். சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி இதற்கு வசதி. காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12 என்று அந்தந்தத் தாளின் ஓரத்தில் எழுதி, விழுங்கியதும் கோடு கிழித்துவிடுங்கள். வீட்டில் யார் கொடுத்தாலும் குழப்பம் வராது. மாத்திரை தொண்டையில் சிக்கினால் பாதியாக உடைத்தோ பொடித்தோ கொடுக்கலாமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். சாதாரண பாராசிட்டமோலைப் பொடிக்கலாம். மெதுவாகக் கரையும்படி செய்த நீடித்த வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. ஒரு நாள் மருந்து ஒரே நொடியில் உடலில் இறங்கிவிடும். டிரமடோலில் அப்படியொரு வகை உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பாராசிட்டமோல் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். சளி மாத்திரையில் இருக்கும். டிரமடோலும் பாராசிட்டமோலும் சேர்ந்த ஒரே மாத்திரையும் உண்டு. அதை விழுங்கிவிட்டு மேலே இரண்டு பனடோலும் போட்டால் எல்லை மீறிப் போகும்.

இனி, எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வயிற்று பைபாஸ் முடிந்து வந்த கணவருக்கு மருந்து கேட்டு ஓர் அம்மா என் கவுண்டருக்கு வந்தார். வீட்டிலிருந்த மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னேன். பழைய மைலோ டின் ஒன்றைத் திறந்து கவிழ்த்தார். பாதி வெட்டிய பொன்ஸ்தான் அட்டை, பல் வலிக்கு வாங்கியது. சிறிய ஜிப் பிளாஸ்டிக் பையில் வோல்டரன், மேலே பேனாவால் 'சாக்கிட்' (மலாயில் வலி) என்று மட்டும் எழுதி, தேதி அழிந்துபோயிருந்தது. மோட்டார் விபத்தில் அடிபட்ட தம்பிக்குக் கொடுத்த டிரமடோலில் மிஞ்சியவை. முட்டி வலிக்குச் சந்தையில் வாங்கிய ஜமு பொட்டலம் இரண்டு. கணவர் ராத்திரி வலிக்கிறது என்றால் இவற்றில் ஒன்றை எடுத்துக் கொடுப்பதாக இருந்தார். அன்போடு செய்ய இருந்த காரியம்.

பொன்ஸ்தான், வோல்டரன், இபுபுரோஃபென், நாப்ராக்சன் ஆகிய வலி மருந்துகள் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பைச் சுவரைக் காக்கும் பூச்சை அவை குறைத்துவிடும். பைபாஸில் இரைப்பைப் பையும் குடலும் சேரும் தையலில் புண் உண்டாக்கி, இரத்தம் கசியவும் ஓட்டை விழவும்கூட அவை காரணமாகின்றன. ஆகவே வயிற்று பைபாஸ் செய்தவர்கள் இவற்றை ஆயுளுக்கும் தவிர்ப்பதே பாதுகாப்பு. ஸ்லீவ் செய்தவர்கள் அறுவை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தண்ணீர் சரியாகக் குடிக்க முடியாத முதல் வாரங்களில், இனிப்பு நீர் ஏற்கெனவே அரித்த சிறுநீரகத்தையும் இவை பதம்பார்த்துவிடும்.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் அதே குடும்பத்து ஊசி போட்டார்கள் என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே ஓரிரு நாள், அளந்த அளவில், சிறுநீரகத்தைச் சோதித்து, இரைப்பையைக் காக்கும் ஒமெப்ரசோல் வகை மருந்தோடு, கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். ஓபியாய்டைக் குறைக்க அது உதவுகிறது. வீட்டு டின்னில் இந்தக் காவல் எதுவும் இல்லை. ஒமெப்ரசோலை எத்தனை மாதம் சாப்பிடச் சொன்னார்களோ அத்தனை மாதமும் சாப்பிடுங்கள். வலிக்கவில்லை என்று நடுவில் நிறுத்துவது புண்ணை வரவேற்பதற்குச் சமம்.

ஜமுவைப் பற்றிச் சொன்னால் மனவருத்தம் வருகிறது. மூலிகை என்று நம்பி வாங்கும் பொட்டலங்களில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே முட்டி வலி மாயமாய்ப் போனால் சந்தேகப்பட வேண்டும். தையல் போட்ட வயிற்றுக்கு ஸ்டீராய்டும் ஆகாது.

தோளிலும் முதுகிலும் கோடாலித் தைலம் தடவுவதில் தவறில்லை. காயத்தின் மேலோ அருகிலோ தடவாதீர்கள், எந்தத் தைலத்தையும் குடிக்காதீர்கள்.

டிரமடோல் கொடுத்தனுப்பியிருந்தால்

சிலருக்குச் சில மாத்திரைகள் கொடுத்தனுப்புவார்கள். பாராசிட்டமோலை வேளை தவறாமல் சாப்பிட்டும் நடக்கவோ தூங்கவோ முடியாத வலி இருந்தால்தான் அதைத் தொடுங்கள். பலர் வீட்டில் ஒன்றுகூட விழுங்காமலே தேறிவிடுகிறார்கள். விழுங்கினால், முதுகைச் சற்று உயர்த்திப் படுங்கள், மூச்சு இயந்திரம் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் கிட்டே வரக் கூடாது. மலச்சிக்கலுக்கு மருத்துவர் தந்த மருந்தை அன்றே தொடங்கிவிடுங்கள், மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். குமட்டினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும்.

கூப்பிட்டால் விழிக்காத தூக்கம், மெதுவாகவும் நிமிடத்துக்குச் சில முறை மட்டும் வரும் மூச்சு, கொறகொறவென்ற ஓசை, உதடு நீலம் பாய்வது, கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்குவது: இவற்றில் எதைக் கண்டாலும் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள். நன்றாகத் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

எந்த வலியை அடக்கக் கூடாது

நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி திடீரெனக் கூடினால், மாத்திரை தேடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தையலில் கசிவு ஏற்பட்டால் இதயம் படபடக்கும். ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால், காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால், இடத் தோள் வலி தணியாமல் கூடிக்கொண்டே போனால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சில சமயம் வயிறு பெரிதாக வலிக்காமலே நாடி மட்டும் ஏறும். பருத்த உடலில் இது நடப்பதுண்டு. கடும் வலி மாத்திரை இந்த எச்சரிக்கையை மூடி மறைத்துவிடும் என்பதும் அதைக் குறைக்கச் சொல்ல ஒரு காரணம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினாலும், வாந்தியிலோ மலத்திலோ இரத்தமோ கறுப்போ தெரிந்தாலும் இதே விதிதான்.

ஊரில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. ஈப்போ அரை மணி நேரத் தொலைவு. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரிடம் முதலில் காட்டினால், நாடியைப் பார்க்கச் சொல்லி, என்ன அறுவை, எந்தத் தேதி என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்புவது

செம்பனைக் குலை ஒன்று பல நேரம் 20 கிலோவைத் தொடும். அறுவை முடிந்து நான்கிலிருந்து ஆறு வாரம்வரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. நாள் சம்பளக்காரருக்கு இது வயிற்றில் அடிக்கிற செய்தி. எம்.சி. எனும் மருத்துவ விடுப்பு முடிந்ததும் ஓடிப்போய்க் குலை தூக்குவார்கள், தையல் வலிக்கும், மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி தூக்குவார்கள். மாத்திரை பழக்கமாவது பெரும்பாலும் இப்படித்தான் என்று நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அறுவைக்குத் தேதி கிடைத்த அன்றே மண்டோர் எனும் கங்காணியிடமும் தோட்ட அலுவலகத்திலும் பேசி, இலகு வேலைக்கு மருத்துவர் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய மாத்திரையும் பணப்பையில் ஒரு சீட்டும்

மிஞ்சிய டிரமடோலைப் பக்கத்து வீட்டு அண்ணனின் இடுப்பு வலிக்குக் கொடுக்காதீர்கள். அவருக்கு வலிப்பு இருக்கிறதா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்படியே அந்த மைலோ டின்னையும் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டு ஆண்டு கழித்துப் பல் பிடுங்கப் போவீர்கள். காய்ச்சலுக்குப் புதிய கிளினிக் ஒன்றில் உட்கார்வீர்கள். அங்கிருப்பவர்களுக்கு உங்கள் வயிற்றின் கதை தெரியாது; கை தானாகப் பொன்ஸ்தானை எழுதும். ஒரு சிறு அட்டையில் மலாயிலும் தமிழிலும் எழுதி அடையாளக் கார்டின் பின்னால் வையுங்கள்: செய்த அறுவையின் பெயர், தேதி, மருத்துவமனை, தவிர்க்க வேண்டியவை பொன்ஸ்தான், வோல்டரன், இபுபுரோஃபென், வலிக்கு முதலில் பாராசிட்டமோல். மலாயில் எழுதத் தெரியாவிட்டால் உங்கள் ஊர் மருந்தகத்தில் கேளுங்கள், எழுதித் தருவார்கள். என் கடைக்கு வந்தால் நானே எழுதித் தருகிறேன்.